அறுபத்துநாலால் பெருக்கிப் பார்: ஒரு சின்ன டட்சனை உரித்துப் பூசிய முறை

நான் படவரைஞர். வீடுகளையும் மாடிக் கட்டடங்களையும் ஒன்றுக்கு நூறு, ஒன்றுக்கு ஐம்பது என்று சுருக்கி வரைந்தே இருபது வருடம் போய்விட்டது. அதனால் என் மருமகன், தம்பியின் மகன், ஒரு ஹாட் வீல்ஸ் காரைக் கையில் தந்து "மாமி, இதுக்கு வேற நிறம் அடிக்கேலுமா?" என்று கேட்டபோது, எனக்கு முதலில் ஓடியது நிறம் இல்லை, அளவுதான். இந்த விளையாட்டுக் கார்கள் ஏறக்குறைய ஒன்றுக்கு 64. (எல்லாம் துல்லியமாக 64 இல்லை. பொதிக்குள் அடங்க வேண்டும் என்று பெரிய காரைக் கூடுதலாகச் சுருக்கியும் சின்னக் காரைக் கொஞ்சம் பெருப்பித்தும் செய்கிறார்கள்.) அதாவது இந்தக் காரில் நீங்கள் விடுகிற ஒவ்வொரு பிழையையும் நிஜக் காரில் 64 மடங்காகப் பார்க்கலாம். இந்த வேலையில் எனக்குத் தெரிந்த ஒரே இரகசியம் அந்தப் பெருக்கல்தான். கீழே அடிக்கடி வரும்.

கார், டட்சன் 240இசட். நிஜத்தில் நாலு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய நீளம், ஆறு சிலிண்டர், 2.4 லீட்டர் இயந்திரம், 1969 கடைசியில் அறிமுகமானது. மருமகனுக்கு அது பழைய ஸ்போர்ட்ஸ் கார். எனக்கு டட்சன் என்ற பெயரே போதும். யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் ஒரு டட்சன் இருந்தது. பெற்றோல் வராத போர்க்காலத்தில், காபுரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டுவார். தெரு முழுக்கப் புகை. 1995இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அது முற்றத்திலேயே நின்றது.

என்ன நிறம் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கிழக்காபிரிக்க சஃபாரி ரலி என்ற கார்ப் பந்தயத்தில் 1971இல் எட்கர் ஹெர்மான் 240இசட் ஓட்டி முதலாவதாக வந்தார். இரண்டாவதாக வந்ததும் 240இசட், அதை ஓட்டியவர் ஷேகர் மேத்தா. 1973இல் மேத்தாவே வென்றார். உகண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர், இடி அமீன் காலத்தில் கென்யாவுக்கு இடம்பெயர்ந்தவர். பிறகு இன்னும் நாலு முறை அந்த ரலியை வென்றார். 1971இல் வென்ற கார் சிவப்பு. பொனட் மட்டும் மினுக்கம் இல்லாத கறுப்பு, வெயில் பட்டு ஓட்டுபவரின் கண்ணைக் கூசாமல் இருக்க. உடம்பெல்லாம் செம்மண். அதைத்தான் செய்தோம்.

தொடங்க முன் காரைத் தெரிவு செய்வது பற்றி ஒரு வார்த்தை. உடம்பு உலோகமாக இருக்க வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், உடைந்தால் ஒருவரும் அழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கொழும்பு புறக்கோட்டை நடைபாதையில் கீறல் விழுந்த பழைய கார்கள் அகப்படும், அவை போதும். பெட்டி உடைக்காத அரிய கார் என்றால் கை வைக்காதீர்கள், சேகரிப்பவர்கள் உங்களைச் சபிப்பார்கள். மிகப் பழைய கார் என்றால் உடம்பில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இந்த உலோகத்தில் ஈயம் கலந்துவிட்டால் வருடங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்து, மாவாக உதிரும். ஈரக்காற்று அதை இன்னும் விரைவாக்கும். அதற்கு மருந்தே இல்லை.

ஆணித்தலையை எடுப்பது

காரைக் கவிழ்த்தால் அடித்தகட்டில் பளபளவென்று ஒன்றோ இரண்டோ வட்டப் பொட்டுகள் தெரியும். எங்களுடையதில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. அது தனி ஆணி இல்லை. காரின் உடம்போடு சேர்த்து வார்த்த சின்னத் தூண் ஒன்று அடித்தகட்டின் துளை வழியாக வெளியே வந்து, தலை நசுக்கப்பட்டுக் காளான் போல விரிந்திருக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டியது காளானின் குடையை மட்டும். தண்டு இருக்க வேண்டும், திரும்பக் காரைப் பூட்டப் போவது அதில்தான்.

இணையத்தில் பலர் முதலிலேயே பெரிய துளைக்கம்பியால் குடைகிறார்கள். நான் அப்படிச் செய்து ஒரு தண்டை முழுதாக அழித்தேன். இப்போது செய்வது இது: பொட்டின் சரி நடுவில் கூரான ஆணியை வைத்து மெல்ல ஒரு தட்டு. அந்தக் குழியில் 1.6 மில்லிமீட்டர் துளைக்கம்பியால் ஐந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளை. ஆழம் தெரிய, கம்பியில் ஐந்து மில்லிமீட்டர் விட்டு ஒரு துண்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். டேப் தகட்டைத் தொட்டால் நிறுத்த வேண்டும். ஏன் 1.6? 2 மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு மரை வெட்டச் சரியான துளை அதுதான். பிறகு தனியாகத் துளைக்க வேண்டிய வேலை மிச்சம்.

அதற்குப் பிறகுதான் 4 மில்லிமீட்டர் துளைக்கம்பி. மிக மெதுவாக, விட்டுவிட்டு. அது முதல் துளையில் தானே மையம் பிடிக்கும். குடை மோதிரம் போலக் கழன்று கம்பியோடு சுற்றத் தொடங்கும், அந்தக் கணமே நிறுத்துங்கள். இந்த உலோகம் மெதுமையானது, கம்பியின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் அப்பாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், படிக்கிற கண்ணாடியாவது. காரைக் கையில் பிடித்துக்கொண்டு துளைக்காதீர்கள். துணி சுற்றி, வைஸ் என்ற மேசை இடுக்கியில் இறுக்குங்கள். வைஸ் இல்லையென்றால் இரண்டு மரத்துண்டுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.

துளைக்கம்பிகளைப் பழைய சோனகத் தெருவில் வாங்கினேன். அந்தக் கடைக்காரர்கள் 1.6 என்று கேட்டால் ஒரு கணம் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள், பிறகு எங்கோ ஒரு டப்பாவுக்குள்ளிருந்து எடுத்துத் தருவார்கள். ஸ்குரூவுக்கு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா. மடிக்கணினி திருத்துபவர்களிடம் 2 மில்லிமீட்டர் ஸ்குரூ ஒரு கைப்பிடி கிடக்கும்.

அடித்தகடு கழன்றதும் உள்ளே இருப்பது ஐந்தே ஐந்து சாமான்: உடம்பு, கண்ணாடி (காரின் எல்லா யன்னலும் ஒரே பிளாஸ்டிக் துண்டு), ஆசனங்கள், அச்சோடு சில்லுகள், அடித்தகடு. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துவிடுங்கள். மருமகன் எல்லாவற்றையும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு மூடி, மேலே "தொடாதே" என்று எழுதினான். அம்மா அதைத் திறந்து கறிவேப்பிலை வைக்கப் பார்த்தது வேறு கதை.

பெயின்ட் உரிப்பது, நான் செய்த மடத்தனம்

இந்தக் கார்களின் உடம்பு பெரும்பாலும் நாகம் (துத்தநாகம்). பள்ளிக்கூடத்து இரசாயனப் புத்தகத்தில் வந்த நாகம். அதோடு சுமார் நாலு வீதம் அலுமினியம், சொட்டு மகனீசியம், செம்பு. இந்தக் கலவைக்குப் பெயர் சாமக். நாலு உலோகத்தின் ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். 1920களின் கடைசியில் அமெரிக்காவில் உருவானது. ஏறக்குறைய 380 பாகையில் உருகிவிடும், ஆகவே பெயின்டை எரித்து எடுக்கலாம் என்று காஸ் அடுப்பில் பிடிக்கிற யோசனை இருந்தால் இப்போதே விடுங்கள்.

நாகத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. இதை நான் ஓ.எல். பரீட்சைக்குப் படித்தவள், சரியாகவே எழுதியவள். இருந்தும் முதல் காரைக் கழிவறை கழுவுகிற திரவத்தில் ஊறப்போட்டேன். அதில் இருந்தது ஐதரோகுளோரிக் அமிலம். உடனே சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்தது, நான் பெயின்ட் கழருகிறது என்று சந்தோஷப்பட்டேன். நுரைத்தது ஐதரசன். ஒரு மணித்தியாலம் கழித்து எடுத்தால் பெயின்ட் பாதி அப்படியே இருக்கிறது, உலோகம் அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாகக் கறுத்திருக்கிறது. கதவுக்கோடு, கைபிடி எல்லாம் போச்சு. எரிசோடாவும் இதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

சரியான வழி, ஹார்ட்வெயார் கடைகளில் விற்கிற பெயின்ட் ரிமூவர். களி மாதிரி இருக்கும். கண்ணாடி ஜாம் போத்தலில் உடம்பை மட்டும் வைத்து (யன்னல் பிளாஸ்டிக், ஆசனம் ஒன்றும் கூட இருக்கக்கூடாது), பழைய தூரிகையால் தடித்துப் பூசி, மூடியை லேசாக மூடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெயின்ட் எண்ணெயில் போட்ட அப்பளம் போலப் பொங்கிச் சுருளும். பொங்காத இடத்துக்கு இன்னொரு பூச்சு. பிறகு பழைய பல் தூரிகையால் தேய்த்து, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தோடு கழுவுங்கள். பிளாஸ்டிக் கப்பில் இதைச் செய்தால் கப் கரைந்து மேசையில் ஓடும்.

இந்தக் களி விளையாட்டு இல்லை. தோலில் பட்டால் எரியும், மணம் தலையைச் சுற்றவைக்கும். தடித்த ரப்பர் கையுறை, திறந்த பல்கனி, பிள்ளைகள் உள்ளே. மருமகன் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கைகாட்டிக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தான். உரிந்த கூழைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். பத்திரிகையில் வழித்து, பல்கனியில் முழுதாகக் காயவிட்டுக் குப்பையில் போடலாம்.

நெயில் பொலிஷ் ரிமூவர் போதாதா என்று கேட்பீர்கள். அசிற்றோன் உள்ள வகை என்றால் சில கார்களில் இலேசாகக் கரைக்கும், பலதில் அசையாது. ஆனால் யன்னல் பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டுப் பட்டால் அது பால்போல் வெளிறும். அதை எதாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

உரித்த உடம்பு வெள்ளிபோல மின்னும். 1968இல் வந்த முதல் ஹாட் வீல்ஸ் கார்களில், மினுக்கிய உலோகத்துக்கு மேல் ஊடு தெரிகிற நிறத்தைத்தான் பூசினார்கள், அதனால்தான் அவை இனிப்புத்தாள் போல மின்னின. மினுக்கி அப்படியே வைக்கலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் நான் இருப்பது வெள்ளவத்தையில், பல்கனியில் நின்றால் ரயில் தண்டவாளமும் அதற்கப்பால் கடலும். உப்புக்காற்றில் வெறும் நாகம் கொஞ்ச நாளிலேயே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்த மாதிரி ஆகிவிடும். மறைன் டிரைவ் பக்கம் வீடுள்ளவர்களுக்கு யன்னல் கம்பியைப் பார்த்தாலே இது விளங்கும்.

அடுத்து, அச்சில் வார்த்தபோது விழுந்த கோடுகள். கூரையின் ஓரம், சில்லுக்கு மேலே, விரலால் தடவினால் தட்டுப்படும். அரை மில்லிமீட்டரின் ஐந்தில் ஒரு பங்கு உயரந்தான். 64ஆல் பெருக்குங்கள்: ஆறு மில்லிமீட்டருக்கும் மேல். நிஜக் காரில் அப்படி ஒரு தழும்போடு யார் வெளியே போவார்கள்? ஊசி அரத்தால் ராவி, 600 இலக்க வோட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற அரத்தாள்), பிறகு 1000, தண்ணீர் தொட்டுத் தொட்டு. கதவுக்கோடுகளைக் கூரான கத்தி முதுகால் ஒருமுறை கீறி ஆழமாக்குங்கள், பெயின்ட் வந்து நிரப்பினாலும் தெரியும். கடைசியாகச் சவர்க்காரத்தில் கழுவிக் காயவைத்தபின் வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் பிடிக்காது.

கொழும்புக் காற்றோடு சண்டை

பெயின்ட் அடிப்பது பற்றி வேறு நாட்டுக்காரர்கள் எழுதியதை எல்லாம் வாசித்தேன். ஒருவரும் கொழும்பில் இருக்கவில்லை. இங்கே காற்று எப்போதும் நனைந்த துணி. ஸ்ப்ரே பெயின்டின் தின்னர் ஆவியாகும்போது உடம்பு குளிரும், குளிர்ந்த உலோகத்தில் காற்றிலுள்ள ஈரம் வந்து படியும், பெயின்ட் வெண்மூட்டம் போட்டு வெளிறிவிடும். என் முதலாவது சிவப்பு, ஒக்டோபர் மாதம் பின்னேரம் நாலு மணிக்கு, இடி முழங்கிக்கொண்டிருந்தபோது அடித்தது. காய்ந்தபின் பீட்ரூட் கறியில் தேங்காய்ப்பால் விட்ட நிறம்.

இப்போது என் சட்டம்: காலை பத்து மணியிலிருந்து நண்பகல் வரை, வெயில் உள்ள நாளில் மட்டும். தை முதல் பங்குனி வரை நல்ல காலம். வைகாசியிலிருந்து தென்மேல் பருவக்காற்று காலத்தில் மழை விட்டு இரண்டு நாள் பார்த்துத்தான் தொடுவேன். அடிக்க முன் உடம்பை மேசை விளக்கின் குண்டு பல்பின் கீழ் ஐந்து நிமிடம் வைத்து இளஞ்சூடாக்குவேன். ஸ்ப்ரே டின்னையும் கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்துவேன், துளி சின்னதாக வரும். கொதிதண்ணீரில் வைத்தால் டின் வெடிக்கும், அதை ஒருவரும் பரீட்சிக்க வேண்டாம்.

உடம்பைக் கவிழ்த்த யோகட் கப்பின் மேல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். கப்பைப் பிடித்துச் சுழற்றலாம். ஒரு பக்கம் வெட்டிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடியுங்கள். எங்கள் மேல்மாடி அன்ரி ஒருநாள் காயப்போட்ட வெள்ளைச் சட்டையோடு கதைக்க வந்தபிறகுதான் அந்தப் பெட்டி வந்தது.

முதலில் பிரைமர். நாகத்தில் சாதாரண பெயின்ட் நேரே பிடிக்காது, நகத்தால் சுரண்டினால் தோலாக வரும். பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளில் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமர் கேளுங்கள். ஒரு சாண் தூரத்திலிருந்து, காருக்கு வெளியே தொடங்கி வெளியே முடிகிற மாதிரி வீச்சு. முதல் பூச்சு தூவானம் பட்டது போலப் புள்ளிபுள்ளியாகத்தான் இருக்க வேண்டும், மூடவில்லையே என்று பதறாதீர்கள். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. ஒரேயடியாகத் தடித்து அடித்தால் பூச்சு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அறுபத்துநாலால் பெருக்கினால் கால் அங்குலம். காருக்குச் சாந்து பூசின மாதிரி.

எல்லா டின்னும் ஒரே வகையாக இருக்கட்டும். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் கீழே உள்ளது சுருங்கி ஆமையோடாகும். காய்ந்ததா என்று அறிய விரலால் தொடாதீர்கள், மூக்கால் பாருங்கள். பெயின்ட் மணம் அடித்தால் இன்னும் காயவில்லை. டின்னில் ஒரு நாள் என்று எழுதியிருந்தால் கொழும்பில் நான் இரண்டு நாள் வைப்பேன். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று அம்மா சமையலுக்குச் சொல்வது. மருமகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து முதல் வேலையாக ஐந்து தரம் மணந்து பார்ப்பான்.

பிரைமருக்கு மேல் நேரே சிவப்பு அடிக்காதீர்கள். சாம்பல் நிறத்தின் மேல் சிவப்பு செங்கல்லாகத் தெரியும். முதலில் வெள்ளை. இந்த வெள்ளையில்தான் ஒரு சின்னத் தந்திரம் இருக்கிறது. ரலிக் காரின் கதவில் இலக்கம் எழுத வெள்ளை வட்டம் வேண்டும். அலுவலகத்தில் தாள் துளைக்கிற பஞ்ச் போடும் ஓட்டை 6 மில்லிமீட்டர். 64ஆல் பெருக்கினால் 384 மில்லிமீட்டர், உண்மையான கதவு வட்டத்துக்கு மிகக் கிட்டிய அளவு! மாஸ்கிங் டேப்பை மெழுகுத்தாளில் ஒட்டிப் பஞ்ச் பண்ணி, விழும் பொட்டைக் கதவின் வெள்ளையில் ஒட்டி, நகத்தால் ஓரத்தை அழுத்தி, அதன்மேல் சிவப்பை அடியுங்கள். சிவப்பு கொஞ்சம் இளகலாக இருக்கும்போதே ஊசியால் பொட்டைத் தூக்கினால் கீழே பூரண வட்டம். ஸ்டிக்கர் வெட்டி ஒட்டினால் வட்டம் பலகை போல எழும்பி நிற்கும்.

சிவப்புக்கு மூன்று மெல்லிய பூச்சு. இரண்டு நாள். பிறகு பொனட்டைச் சுற்றி டேப் ஒட்டி, மினுக்கம் இல்லாத மட் கறுப்பு. டேப்பை முதலில் ஒரு கண்ணாடியில் ஒட்டி எடுத்துப் பசையைக் கொஞ்சம் குறைத்தால் சிவப்பை உரிக்காது. டேப்பின் ஓரத்தில் முதலில் மெல்லிய சிவப்பை இன்னொரு தடவை தூவுங்கள். கசிவதென்றால் அதுவே கசிந்து ஓரத்தை அடைத்துவிடும், பிறகு கறுப்பு உள்ளே போகாது.

நகக்கடைச் சாமான்கள்

காலி வீதியில் நகப்பூச்சுச் சாமான் விற்கிற கடைகளை இந்த வேலைக்காக நான் கண்டுபிடித்தேன் என்றே சொல்வேன். மயிரளவு தூரிகை, பொட்டு வைக்கிற குச்சி, நகத்தில் ஒட்டுகிற கண்ணாடிக் கற்கள். ரலிக் கார்களின் முன்னால் இரவில் ஓடப் பெரிய விளக்குகள் கட்டியிருப்பார்கள். இரண்டரை மில்லிமீட்டர் கல் 160 மில்லிமீட்டர் விளக்காகிறது. இதைவிட வேறென்ன வேண்டும். கல்லின் ஓரத்தில் கறுப்பு வளையம் தீட்டி, பம்பருக்கு மேல் இரண்டு ஒட்டினோம். ஒட்டுவதற்கு பைண்டர் கம் போதும். சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி யன்னல் பிளாஸ்டிக்கிலும் கல்லிலும் வெள்ளைப் புகையாகப் படியும்.

சேறு தடுக்கிற மட்கார்ட் துண்டுகளுக்கு மருமகன் சைக்கிள் டியூப் வெட்டிக் கொண்டுவந்தான். அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டர். "பெருக்கிப் பார்" என்றேன். அறுபத்துநாலு மில்லிமீட்டர், கட்டில் மெத்தை. வெட்கத்தோடு எடுத்துக்கொண்டு போனான். கறுப்பு வயர் டேப்பை இரண்டாக ஒட்டி வெட்டினது சரியாக வந்தது.

சில்லுகளை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். ரலிக் கார் உயர்ந்து நிற்க வேண்டும். இன்னொரு உடைந்த காரின் பெரிய சில்லுகளை அச்சோடு எடுத்துப் போட்டோம். அச்சின் நீளம் கூடினால் ஒரு முனையைத் தறித்துச் சில்லைக் கழற்றி, அளவுக்கு வெட்டித் திரும்பச் செருக வேண்டும்.

கதவு இலக்கத்துக்கு அலுமாரியில் உறங்கிய என் ரொட்றிங் வரைபடப் பேனாக்களை எடுத்தேன். கணினி வந்தபிறகு அவற்றுக்கு வேலையே இல்லை. வழுவழுப்பான பெயின்டில் மை திரளும், ஆகவே முதலில் ஒரு மெல்லிய மட் வார்னிஷ். அதன்மேல் 0.25 மில்லிமீட்டர் பேனாவால் ஓரம் கீறி உள்ளே நிரப்பினேன். 1971இல் வென்ற காரின் இலக்கம் 11. அதைத்தான் எழுதலாம் என்று நினைத்தேன். மருமகன் கேட்கவில்லை. "மாமி, 101 எழுதுங்கோ." மொரட்டுவை–புறக்கோட்டை பஸ். அவன் டியூஷனுக்குப் போகிற பஸ். ஆபிரிக்காவையே கடந்தாலும் இவ்வளவு மோசமாக ஓட்ட மாட்டார்கள் என்பது அவன் வாதம். 101 என்று எழுதினேன்.

செம்மண்

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கென்யாவின் சிவப்பு மண்ணுக்குக் கொழும்பில் எங்கே போவது? போகத் தேவையில்லை. ஹோமாகமப் பக்கம் நான் வரைந்த வீடொன்றுக்கு அத்திவாரம் வெட்டினார்கள், எல்லாம் கபுக், அதாவது செம்புரைக்கல் மண். அதே செம்பு கலந்த துருநிறம். ஒரு சொப்பிங் பையில் ஒரு பிடி. மேசன் பாஸ் என்ன நினைத்தாரோ தெரியாது.

அப்படியே பூசக்கூடாது. அரை மில்லிமீட்டர் மணல் துணிக்கை நிஜத்தில் 32 மில்லிமீட்டர் கல், கார் கல்மழையில் அடிபட்ட மாதிரி இருக்கும். வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, பழைய வேட்டித்துணியால் இரண்டு தரம் அரித்தேன். முகப்பவுடர் பதம் வந்தது. அதில் பாதியைத் தண்ணீரும் நாலு சொட்டு பைண்டர் கம்மும் விட்டுக் குழைத்தால் சேறு. பல் தூரிகையில் தொட்டு, விரலால் மயிரை வளைத்து விட்டால் தெறிக்கும். தெறிக்கிற திசை முக்கியம்: முன் சில்லிலிருந்து பின்னோக்கி, கீழிருந்து மேலாக. சில்லுக்குப் பின்னால் அடர்த்தி, கதவு நடுவில் குறைவு, கூரையில் கிட்டத்தட்ட இல்லை. முன்கண்ணாடியில் வைப்பர் துடைக்கிற அரைவட்டத்தை டேப்பால் மூடிவிட்டுத் தெறியுங்கள், எடுத்தால் ஓட்டுநர் இப்போதுதான் துடைத்த மாதிரி இருக்கும். மிச்ச உலர்ந்த தூளை மென்மையான தூரிகையால் கதவுக்கோடுகளுக்குள் தட்டுங்கள்.

இந்த இடத்தில் நிறுத்துவதுதான் கஷ்டம். நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போட்டு, சிவப்பே தெரியாமல் போய், ஈரத்துணியால் பாதியைத் துடைத்தெடுத்தேன். துடைத்த இடம் உண்மையில் முதலில் இருந்ததைவிட நன்றாக இருந்தது.

பூட்டுவது சுலபம். யன்னல் பிளாஸ்டிக்கைச் சேறு தெறிக்க முன்னரே உடம்புக்குள் வைத்திருப்பீர்கள். கீறல் இருந்தால் அதற்கும் முன்னர் பற்பசையால் தேய்த்துக் கொள்ளுங்கள். ஆசனம், சில்லு, அடித்தகடு என்று வரிசையாக வைத்து, 2 மில்லிமீட்டர் ஸ்குரூவை ஒரு சொட்டு எண்ணெயோடு அரைச்சுற்று முன்னே, கால்சுற்றுப் பின்னே என்று திருகுங்கள். நாகம் மெது, உருக்கு ஸ்குரூ தானே மரை வெட்டிக்கொள்ளும். இறுகத் தொடங்கியதும் விடுங்கள், ஒரு திருகு கூடினால் மரை வழுகிவிடும்.

எல்லாம் முடிந்து காரை மேசையில் வைத்தேன். மருமகன் குனிந்து நீண்ட நேரம் பார்த்தான். பிறகு, பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரியை அணைக்கிற மாதிரி, பலமாக ஒரு ஊது ஊதினான். உலர்ந்த தூளில் பாதி மேசையில் கிடந்தது.

ஆகவே இன்னொன்று: தூளைத் தட்டியபின், பூட்ட முன், யன்னலைச் சின்ன டேப் துண்டுகளால் மூடிவிட்டு, இரண்டு சாண் தூரத்திலிருந்து மட் வார்னிஷை மூடுபனி போல ஒருமுறை விடுங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு.